சிந்து எழுத்தைக் கணினியிடம் கொடுத்தால்

பழைய எழுத்துகளைக் கணினி படித்துவிடும் என்று பேச்சு வரும்போதெல்லாம் கூடவே ஒரு கணக்கும் வரும்: 30-க்கு 29. 2010-இல் பெஞ்சமின் ஸ்னைடர், ரெஜினா பார்சிலே, கெவின் நைட் மூவரும் சேர்ந்து உருவாக்கிய நிரல், சிரியாவின் ராஸ் ஷம்ராவில் கிடைத்த உகாரிட்டிக் மொழியின் 30 எழுத்துகளில் 29-ஐ எபிரேய எழுத்துகளோடு சரியாகப் பொருத்தியது. எபிரேயத்தோடு வேர் பகிரும் சொற்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டையும் கண்டுபிடித்தது. இதைக் கேட்டதும் அடுத்த கேள்வி தானாக எழும்: அப்படியென்றால் சிந்து எழுத்தை மட்டும் ஏன் இன்னும் படிக்க முடியவில்லை? நியாயமான கேள்விதான். ஆனால் திராவிடமா சமஸ்கிருதமா என்ற சச்சரவின் நடுவே இதற்கு நிதானமாகப் பதில் சொல்பவர்கள் குறைவு. கணினிக்கு வேகம் போதவில்லை என்றோ நிரல் எழுதுபவர்களுக்குத் திறமை போதவில்லை என்றோ எனக்குத் தோன்றவில்லை. நிரலுக்கு நாம் கொடுக்கும் தரவு எப்படிப்பட்டது, வரும் விடை தவறாக இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது என்ற இரண்டில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

உகாரிட்டிக்கில் அந்த நிரலுக்கு என்னென்ன கையில் கிடைத்தன என்று பார்க்கலாம். களிமண் பலகைகளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே பிரிப்புக் குறி உண்டு. ஆகவே சொல் எங்கே முடிகிறது என்று தேட வேண்டியதில்லை. இரண்டு மொழிகளும் பெரும்பாலும் மெய்யெழுத்துகளை மட்டுமே எழுதுபவை. எபிரேயம் உகாரிட்டிக்கின் நெருங்கிய உறவு மொழி. காலத்திலும் வெகு தொலைவில் இல்லை. ஓர் உகாரிட்டிக் எழுத்து ஓரிரு எபிரேய எழுத்துகளோடு மட்டும்தான் பொருந்தும், சொற்கள் முன்னொட்டு, அடி, பின்னொட்டு என்று பிரியும் என்பதையெல்லாம் மாதிரிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, விடை ஏற்கெனவே தெரியும். 1929-இல் அகழாய்வு தொடங்கியது. ஹான்ஸ் பவர், எதுவார் தோர்ம், ஷார்ல் விரொலோ மூவரும் கணினி இல்லாமலே அடுத்த ஆண்டுக்குள் பெரும்பகுதியைப் படித்துவிட்டார்கள். 2019-இல் ஜியாமிங் லுவோ, யுவான் சாவ், பார்சிலே மூவரும் நரம்பு வலைப்பின்னலைக் கொண்டு கிரீட் தீவிலும் கிரேக்க நாட்டிலும் களிமண் பலகைகளில் கிடைத்த லீனியர் பி என்ற பழைய எழுத்தின் சொற்களைக் கிரேக்கத்தோடு பொருத்தியபோது 67.3 விழுக்காடு சரியாக வந்தது. அங்கேயும் எந்த மொழியோடு ஒப்பிட வேண்டும் என்பதை மனிதர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு இதே குழு, சொற்பிரிப்பு தெளிவில்லாத எழுத்துகளை எடுத்துக்கொண்டு, பண்டைய ஸ்பெயினில் வழங்கிய ஐபீரிய மொழியை ஆராய்ந்தது. அதில் கிடைத்தது வாசிப்பு இல்லை. பாஸ்க் மொழி ஐபீரியத்துக்கு நெருங்கிய உறவு போலத் தெரியவில்லை என்ற ஓர் அளவீடு மட்டுமே. உறவு மொழி எது என்று தெரியாத இடத்தில் இன்றைய முறைகள் நேர்மையாகச் சொல்லக்கூடியது ஏறக்குறைய அவ்வளவுதான்.

2011-இல் கெவின் நைட், பியாட்டா மெகியேசி, கிறிஸ்டியானே ஷேஃபர் உடைத்த கோப்பியாலே மறைகுறியையும் பலர் இங்கே எடுத்துக்காட்டுவார்கள். 105 பக்கம், சுமார் 75,000 குறிகள். 80 மொழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் ஜெர்மன் முன்னுக்கு வந்தது. அதிலிருந்த உரோமன் எழுத்துகள்தான் செய்தி என்று முதலில் நினைத்தார்கள். பிறகு பார்த்தால் அவை வெறும் இடைவெளிகள், மற்ற விசித்திரக் குறிகளில்தான் செய்தி இருந்தது. அருமையான வேலை. ஆனால் அது 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மன், தொடர்ச்சியான உரைநடை, ஒரே கையெழுத்துப் பிரதி. மறைத்து எழுதப்பட்ட தெரிந்த மொழி வேறு, மறைக்காமல் எழுதப்பட்டும் மறைந்துபோன மொழி வேறு.

கோபரின் அட்டைகள்

கணினி இந்த வேலையில் என்ன செய்ய முடியும் என்பதை விளங்கிக்கொள்ள நான் கணினி இல்லாத ஒரு கதைக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன். புரூக்ளினில் பேராசிரியையாக இருந்த ஆலிஸ் கோபர், லீனியர் பி குறிகளைப் பற்றி சுமார் 1,80,000 அட்டைகள் எழுதி வைத்திருந்தார். போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு. வாழ்த்து அட்டை, தேவாலயச் சுற்றறிக்கை, தேர்வுத்தாள் அட்டை என்று கிடைத்ததை வெட்டி, சிகரெட் பெட்டிகளில் அடுக்கினார். அட்டைகளில் குறிப்பிட்ட இடங்களில் துளையிட்டிருந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், இரண்டு சொற்களுக்கும் பொதுவான குறி உள்ள இடத்தில் துளைகள் நேராக அமையும். இன்று தரவுத்தளத்தில் ஒரு வரி வினவல் செய்யும் வேலை அது.

அந்த அட்டைகளிலிருந்து அவர் கண்டது இது: சில சொற்கள் மூன்று மூன்றாக வருகின்றன, முன்பகுதி ஒன்று, முடிவு மட்டும் மாறுகிறது. தமிழில் நினைத்துப் பார்த்தால் எளிது. காலை, காலுக்கு, காலில் என்று எழுதும்போது அடிச்சொல்லின் ல் என்ற மெய் அடுத்து வரும் உயிரோடு சேர்ந்து லை, லு, லி என்றாகிறது. நம் எழுத்தில் மூன்றிலும் ல இருப்பது கண்ணுக்குத் தெரியும். லீனியர் பி-யில் அந்த மூன்றுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூன்று உருவங்கள். முடிவு மாறும் விதத்தை வைத்து, இந்த மூன்று குறிகளுக்கும் மெய் ஒன்று என்று ஒலியே தெரியாமல் சொல்லிவிடலாம். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் மைக்கேல் வென்ட்ரிஸ் இதை விரித்து ஒரு கட்டத்தை வரைந்தார்: ஒரே மெய் உள்ளவை ஒரு வரிசையில், ஒரே உயிர் உள்ளவை ஒரு நெடுவரிசையில். 1951-இல் எம்மெட் பென்னெட் கொடுத்த ஒழுங்கான குறிப்பட்டியல் இல்லாமல் அந்தக் கட்டம் நின்றிருக்காது. கட்டம் நிரம்பிய பிறகுதான் அம்னிசோஸ், க்னோசோஸ் போன்ற கிரீட் ஊர்ப்பெயர்களை அவர் பொருத்திப் பார்த்தார். ஓரிரண்டு குறிகளுக்கு ஒலி கிடைத்ததும் கட்டத்தின் வரிசைகள் வழியாக மற்றவற்றுக்கும் ஒலி பரவியது. வெளிவந்தது கிரேக்கம். அதுவரை பண்டைய இத்தாலியின் எட்ருஸ்கன் மொழியோடு தொடர்புதான் இருக்கும் என்று நம்பியவர் அவர். மொழியை முன்கூட்டித் தீர்மானிக்காமல் கட்டத்தைக் கட்டியதால்தான் அவருடைய நம்பிக்கைக்கு எதிரான விடை வெளியே வர முடிந்தது.

இவ்வளவும் 1952. ஆனாலும் ஐயம் தீரவில்லை, தீர வேண்டிய அவசியமும் இல்லை. திருப்பம் 1953 மே மாதத்தில் வந்தது. கிரேக்க நாட்டின் பைலோசில் அகழாய்வு செய்த கார்ல் பிளெகன், முந்தைய ஆண்டு கிடைத்த ஒரு பலகையைச் சுத்தம் செய்து, வென்ட்ரிஸ் நிர்ணயித்த ஒலிகளை அதில் போட்டுப் பார்த்தார். ஒலிகளை நிர்ணயித்தபோது வென்ட்ரிஸ் பார்த்திராத பலகை அது. முக்காலிப் பாத்திரத்தின் படம், பக்கத்தில் 2 என்ற எண், அதற்கு முன்னால் திரிபோதெ என்ற சொல். அடுத்து அதே படம், எண் 1, இப்போது திரிபோ. இரண்டுக்கு இருமை வடிவம், ஒன்றுக்கு ஒருமை வடிவம், கிரேக்க இலக்கணப்படியே. தொடர்ந்து கோப்பைகள்: நான்கு கைப்பிடி உள்ள படத்துக்கு முன்னால் நான்கு என்ற வேர் கொண்ட சொல், மூன்று கைப்பிடிக்கு மூன்று என்ற வேர், கைப்பிடியே இல்லாத கோப்பைக்கு இல்லை என்ற பொருள் தரும் முன்னொட்டு. ஒலிகளைத் தந்தவர் இந்தப் படங்களைப் பார்த்திருக்கவில்லை. படங்களை வரைந்தவன் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டான். இரண்டும் தற்செயலாக இவ்வளவு தூரம் ஒத்துப்போக வழியே இல்லை. வாசிப்பு சரி என்று சொல்வதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இந்தப் பலகைதான். கணினி தரும் எந்த வாசிப்பையும் இதன் பக்கத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

13,372 குறிகள்

சிந்து எழுத்தில் கணினி நேற்று நுழைந்ததல்ல. 1960-களிலேயே சோவியத் குழுவும், அஸ்கோ பர்ப்போலாவின் ஃபின்லாந்துக் குழுவும் அதைப் பயன்படுத்தின. 1977-இல் ஐராவதம் மகாதேவன் வெளியிட்ட, எந்தக் குறி எங்கெங்கே வருகிறது என்று காட்டும் தொடரடைவும் கணினியின் துணையோடு உருவானதே. அதில் 2,906 பொருள்கள், 417 குறிகள், 13,372 குறி வருகைகள். இன்றுவரை பெரும்பாலான கணினி ஆய்வுகள் இந்தத் தொடரடைவின் மேல்தான் நிற்கின்றன. ஓர் எழுத்துரையின், அதாவது ஒரு பொருளின்மேல் எழுதியிருப்பதன், சராசரி நீளம் 5 குறிகளை ஒட்டியது. ஒரே பக்கத்தில் உள்ள மிக நீண்டதே 17 குறிகள்தான்.

417 என்பதே ஒரு தீர்ப்பு. பர்ப்போலாவின் கணக்கு 400-ஐ ஒட்டியது, பிரையன் வெல்ஸின் கணக்கு 600-க்கு மேல், எஸ்.ஆர். ராவின் கணக்கு 62. எழுத்துமுறைகளில் 20, 30 குறி இருந்தால் ஒலியெழுத்து, 50 முதல் 100 வரை இருந்தால் அசையெழுத்து, நூற்றுக்கணக்கில் இருந்தால் சொல்லும் அசையும் கலந்த எழுத்து என்பது பொதுவான அளவுகோல். ஆகவே 62 குறிகளோடு தொடங்குபவருக்குச் சிந்து எழுத்து அசையெழுத்தாகத்தான் தெரியும். 417-ஓடு தொடங்குபவருக்குச் சொல்லும் அசையும் கலந்த எழுத்தாகத் தெரியும். நிரல் ஓடத் தொடங்கும் முன்பே விடையில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது. மீன் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் மீன், மேலே கூரை போட்ட மீன், குறுக்கே கோடு போட்ட மீன் என்று பல வடிவங்கள். இவை ஒரே குறியைப் பல கைகள் எழுதிய விதமா, தனித்தனிக் குறிகளா? இதற்குத் தரவிலேயே ஒரு சோதனை உண்டு. இரண்டு வடிவங்கள் ஒரே முத்திரையில் அடுத்தடுத்து வந்தால், அவை கைமாற்றத்தால் வந்தவை என்று சொல்வது கடினம். மீன் வடிவங்கள் அப்படி அடுத்தடுத்து வருகின்றன, அதுவும் விருப்பமான ஒரு வரிசையில். மாறாக, இரண்டு வடிவங்களுக்கும் முன்பின் வரும் குறிகள் ஒரே மாதிரி இருந்து, ஒரே எழுத்துரையில் இரண்டும் சேர்ந்து வராமலே போனால், அவற்றை ஒன்றாக்குவதற்கு வாதம் இருக்கிறது. ஒவ்வொரு இணைப்பையும் இப்படிச் சோதித்து, காரணத்தை எழுதி வைத்து, இணைத்த பட்டியலிலும் இணைக்காத பட்டியலிலும் எல்லாக் கணக்கையும் இருமுறை ஓட்ட வேண்டும். முடிவு பட்டியலுக்குப் பட்டியல் மாறினால், அது எழுத்தைப் பற்றிய முடிவு அல்ல, பட்டியலைப் பற்றியது.

தரவை உள்ளிடும்போது நேரும் பிழைகள் இன்னும் கொடுமையானவை, ஏனென்றால் அவை சத்தம் போடுவதில்லை. முத்திரை என்பது கண்ணாடிப் பிம்பம். களிமண்ணில் பதித்த பதிவில்தான் எழுத்து வலமிருந்து இடமாக ஓடுகிறது. முத்திரைக் கல்லின் படத்தில் அது தலைகீழ்த் திசை. முத்திரைப் படங்களையும் பதிவுப் படங்களையும் செப்புத் தகடுகளையும் திசை பார்க்காமல் கலந்தால், எந்தக் குறிக்குப் பின் எந்தக் குறி என்ற அட்டவணை முழுவதும் பாழ். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, மகாதேவன் பட்டியலில் 342-ஆம் எண்ணுள்ள ஜாடிக் குறி. அது மட்டுமே 1,395 முறை வருகிறது, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். பெரும்பாலும் எழுத்துரையின் இறுதியை ஒட்டியே வரும். உங்கள் தரவில் அது இரு முனைகளிலும் குவிந்திருந்தால் திசை கலந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்தது நகல்கள். ஹரப்பாவில் ஒரே அச்சில் வார்த்த சிறு பலகைகள் பல கிடைத்திருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்காவிட்டால், ஓர் எழுத்துரையின் சேர்க்கைகள் இலக்கண விதி போலத் தோற்றமளிக்கும். சிதைந்த குறிகளை அப்படியே விட்டுவிட்டால் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை அண்டைக் குறிகளாகிவிடும். விடுவதற்குப் பதிலாக அந்த இடத்தில் தெரியாதது என்ற ஓர் எண்ணைப் போட வேண்டும். நிஷா யாதவும் அவருடன் பணியாற்றியவர்களும் நகல், சிதைவு, பல வரி உள்ளவை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் பார்த்தபோது மிஞ்சியவை 1,548 எழுத்துரைகள், 7,000 குறிகள்.

இந்த 7,000 எவ்வளவு சிறியது என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். 417 குறிகளுக்கு 417 × 417, அதாவது 1,73,889 இணைகள் சாத்தியம். 1,548 எழுத்துரைகளில் 7,000 குறிகள் என்றால், அடுத்தடுத்த இணைகள் அதிகபட்சம் 5,452. அட்டவணையில் கட்டங்கள் ஏறக்குறைய எல்லாமே காலி. அதனால்தான் காலிக் கட்டங்களுக்குச் சிறிது நிகழ்தகவைப் பகிர்ந்து கொடுக்கும் முறைகள் இல்லாமல் இந்தத் தரவில் எதையும் கணக்கிட முடியாது. மகாதேவனின் 417 குறிகளில் 112 ஒரே ஒரு முறை மட்டும் வருபவை. அவற்றுக்கு யார் என்ன ஒலி கொடுத்தாலும் மறுக்க வழியில்லை.

தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் 1949-இல் தந்த அளவும் இங்கே உதவும். 26 எழுத்துகளை மாற்றிப்போட்ட ஆங்கில மறைகுறியின் சாவிக்கு 88 பிட் (ஒரு பிட் என்பது ஓர் ஆம்-இல்லைக் கேள்வியின் விடை தரும் தகவல்) தேவை. ஆங்கில உரைநடையின் ஒவ்வோர் எழுத்தும் அந்தச் சாவியைப் பற்றிச் சுமார் 3.2 பிட் துப்புத் தருகிறது. வகுத்தால் 28, அதாவது 28 எழுத்து நீளமிருந்தால் கொள்கையளவில் ஒரே விடைதான் மிஞ்சும். 417 குறிகளுக்கு, மொழி தெரியும், ஒரு குறிக்கு ஒரு மதிப்பு என்று மிக எளிதாக்கிக்கொண்டாலும், சாவிக்கு 3,000 பிட்டுக்கு மேல் வேண்டும். குறிக்கு 3 பிட் துப்புக் கிடைத்தால் 1,000 குறிகளே போதும். நம்மிடம் இருப்பது அதைவிட அதிகம். பலர் நம்பிக்கை கொள்வது இங்கேதான். ஆனால் முத்திரைகளில் இருப்பவை பெரும்பாலும் ஆட்பெயர்களும் பட்டங்களும் என்றால் துப்பு வெகுவாகக் குறையும். பெயர்கள் உரைநடையைப் போல ஒன்றையொன்று இழுத்து வருவதில்லை. குறிக்கு 0.2 பிட் என்று வைத்தால் 15,000 குறிகள் வேண்டும். மொத்தத் தொடரடைவும் அதைவிடச் சிறியது. மொழி முன்கூட்டியே தெரியும் என்ற சலுகையையும் கொடுத்த பிறகுதான் இந்த நிலை. உண்மையில் நாம் ஒப்பிடக் கையில் வைத்திருப்பது சங்கத் தமிழும், பர்ரோவும் எமனோவும் தொகுத்த 5,500-க்கு மேற்பட்ட பதிவுகள் கொண்ட திராவிட வேர்ச்சொல் அகராதியும். சிந்து நகரங்கள் செழித்த கி.மு. 2600–1900 காலத்துக்கும் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தமிழ் எழுத்துச் சான்றுக்கும் இடையே 1,000 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. எபிரேயம் உகாரிட்டிக்குக்குக் கொடுத்த துணை இங்கே கிடைக்காது.

படிக்காமலே தெரிந்துகொண்டவை

2009-இல் ராஜேஷ் ராவ், நிஷா யாதவ், மயங்க் வாகியா, மகாதேவன் முதலானோர் வெளியிட்ட ஆய்வு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஒரு குறி தெரிந்தால் அடுத்த குறியை எவ்வளவு ஊகிக்க முடியும் என்ற அளவு, சிந்து எழுத்தில் இயற்கை மொழிகளின் வரம்புக்குள் விழுகிறது. மரபணு வரிசையும் ஃபோர்ட்ரான் என்ற கணினிமொழியில் எழுதிய நிரலும் வேறு இடங்களில் விழுகின்றன. 2004-இல் ஸ்டீவ் ஃபார்மர், ரிச்சர்ட் ஸ்ப்ரோட், மைக்கேல் விட்செல் மூவரும் இது மொழியெழுத்தே அல்ல என்று வாதிட்டிருந்ததால் இது அதற்கு மறுப்பாகப் பார்க்கப்பட்டது. ஆனால் ஒப்பீட்டில் இவற்றோடு வைத்த இரண்டு மொழியல்லாத குறிமுறைகள் செயற்கையாக உருவாக்கப்பட்டவை: ஒன்று முழுச் சிதறல், மற்றது முழு ஒழுங்கு. இந்த விமர்சனம் சரியென்றே நினைக்கிறேன். ஸ்ப்ரோட் 2014-இல் குலச்சின்னம், குலக்குறிக் கம்பம், வானிலைச் சின்னங்கள் என்று உண்மையான மொழியல்லாத குறிமுறைகளைத் தொகுத்துக் காட்டியதும் அதையே உறுதிசெய்தது. இந்த ஓர் அளவு மட்டும் மொழியையும் மொழியல்லாததையும் பிரித்துவிடாது.

அதே குழுவின் இன்னொரு முடிவுதான் எனக்கு அதைவிட மதிப்புள்ளது, ஆனால் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சிந்துவெளியில் கிடைத்த எழுத்துரைகளிலிருந்து கட்டிய மாதிரியை மேற்காசியாவில் கிடைத்த சிந்து முத்திரைகளின்மேல் ஓட்டிப் பார்த்தார்கள். குறிகள் அதே குறிகள். ஆனால் வரிசைகள் அந்த மாதிரிக்கு மிகவும் அந்நியமாக இருந்தன. வணிகத்துக்குப் போன இடத்தில் வேறு மொழிப் பெயர்களையோ வேறு வகைச் செய்தியையோ அதே குறிகளால் எழுதியிருக்கலாம் என்பதற்கு இது வலுவான சைகை. ஒரு குறிக்குக்கூட ஒலி கொடுக்காமல் கிடைத்த செய்தி. கணினி இந்தத் துறையில் நன்றாகச் செய்யும் வேலை இந்த வகைதான்: வரிசைகளை ஊர்வாரியாக, பொருள்வாரியாக, அடுக்குவாரியாக ஒப்பிடுவது, சிதைந்த இடத்தில் எந்தக் குறி இருந்திருக்கலாம் என்று மறைத்துவைத்துச் சோதிப்பது.

தோற்கக்கூடிய வாசிப்பு

புதிய வாசிப்பு வெளியாகும்போது அதைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வோர் எழுத்துரையிலும் உள்ள குறிகளைக் குலுக்கி, வரிசையைக் கலைத்துவிட்டு, அதே ஒலி மதிப்புகளையும் அதே விதிகளையும் கொண்டு படிக்கச் சொல்லுங்கள். கலைத்ததிலும் அழகான தமிழோ சமஸ்கிருதமோ வந்தால், பொருள் எழுத்திலிருந்து வரவில்லை, விதிகளின் தாராளத்திலிருந்து வருகிறது. ஐந்து குறிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஒலி மாற்று, உயிரை விருப்பப்படி சேர்க்கலாம் என்றால், எந்த மொழியிலும் ஏதாவது ஒரு பெயர் கிடைத்தே தீரும். நிரலால் கண்டதென்றால், வெவ்வேறு தொடக்கத்திலிருந்து பலமுறை ஓட்டிய முடிவுகளையும் கேட்க வேண்டும். தேடல் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணில் நின்று, ஆனால் வெவ்வேறு ஒலிப்பட்டியலைத் தந்தால், தரவு எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று பொருள். இந்தச் சோதனை முடிவுகளை இணைக்காத வாசிப்பை நான் முழுதாகப் படிப்பதில்லை.

மீனை விண்மீனாகப் படித்து, ஆறு கோடும் மீனும் அறுமீன், ஏழு கோடும் மீனும் எழுமீன் என்ற பர்ப்போலாவின் கருத்து எனக்கு மிகவும் பிடித்தமானது. சங்க இலக்கியத்தில் அந்தப் பெயர்கள் இருக்கவும் செய்கின்றன. ஆனால் பிடித்திருப்பது சான்றாகாது. மீன் குறிக்குக் கொடுத்த ஒலி, மீன் வரும் மற்ற நூற்றுக்கணக்கான இடங்களிலும் அண்டைக் குறிகளின் ஒலியை இழுத்துக்கொண்டு வர வேண்டும், அம்னிசோஸ் என்ற பெயர் வென்ட்ரிஸின் கட்டத்தை நிரப்பியது போல. அது இன்னும் நடக்கவில்லை.

இப்போது உரையாடல் செயலிகளிடம் முத்திரைப் படத்தைக் கொடுத்து வாசிப்புக் கேட்கும் வழக்கம் வந்திருக்கிறது. உகாரிட்டிக்குக்கும் லீனியர் பி-க்கும் இன்னும் படிக்கப்படாத லீனியர் ஏ-க்கும் யூனிகோடில் இடம் உண்டு. சிந்து எழுத்துக்கு இல்லை. மொழி மாதிரிகள் இந்த எழுத்தில் ஒரு வரியைக்கூட உரையாகப் படித்ததில்லை. அவை படித்திருப்பவை சிந்து எழுத்தைப் பற்றி மனிதர்கள் எழுதியவற்றை, அவற்றிலுள்ள நிறுவப்படாத வாசிப்புகளையும் சேர்த்து. கேட்டால் அவற்றையே சரளமாகத் திருப்பித் தரும்.

அண்மையில் உண்மையாகவே திறந்த எழுத்து ஒன்று உண்டு. குஷானர் காலத்து அறியப்படாத எழுத்து. 2023-இல் கொலோன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக் குறிகளைப் படித்ததாக அறிவித்தார்கள். அதற்குக் கதவைத் திறந்தது தஜிகிஸ்தானின் அல்மோசி பள்ளத்தாக்கில் 2022-இல் கண்ட பாறை எழுத்து. பக்கத்தில், ஏற்கெனவே படிக்கத் தெரிந்த பாக்டிரிய மொழியிலும் எழுத்து. இரண்டிலும் அரசன் வேமா தக்துவின் பெயரும் பட்டங்களும். சிந்து எழுத்துக்கு அப்படி ஓர் இருமொழிப் பொருள் கிடைக்க வேண்டுமென்றால் மேற்காசிய வணிக ஊர்களின் மண்ணில்தான் அதிக வாய்ப்பு.

அதுவரை செய்ய முடிந்த ஒன்று உண்டு. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு சிந்து எழுத்தைப் படிப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. பரிசைத் தீர்மானிக்கும் நடுவர் குழு, அகழாய்வில் கிடைத்து இன்னும் வெளியிடாத எழுத்துரைகளில் சிலவற்றைத் தனியே எடுத்து வைக்கலாம். பரிசு கேட்பவர் முதலில் தன் குறிப்பட்டியல், ஒலி மதிப்புகள், சொல் பிரிக்கும் விதிகள், எதிர்பார்க்கும் இலக்கணம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு அதில் ஒரு மதிப்பையும் மாற்றக்கூடாது. அந்த எழுத்துரைகளோடு அதே நீளத்தில் குலுக்கிய போலி வரிசைகளையும் சம எண்ணிக்கையில் கலந்து, எது எது என்று சொல்லாமல் கொடுக்க வேண்டும். உண்மையானவற்றையும் போலிகளையும் அவருடைய விதிகள் பிரித்துக் காட்டுகின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிடலாம். அதற்கு ஒரு மடிக்கணினி போதும்.